ஒரு சாம்பிள், இரண்டு மூக்கு: மதுச் சுவைப்புத் திருவிழாவுக்குத் தம்பதியாகப் போவது எப்படி

கேள்வி இது. கணவருக்கு விஸ்கி, ரம் என்றால் பெரிய ஆர்வம். மனைவி எப்போதாவது ஒரு வாய் குடிப்பவர், அவ்வளவுதான். வெளியூரில் ஒரு பெரிய நகரத்தில் சனிக்கிழமை மதுச் சுவைப்புத் திருவிழா ஒன்று நடக்கிறது. வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்பலாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். "எனக்கு அங்கே என்ன வேலை? அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எனக்கும் ஒரு டிக்கெட்டா?" என்று மனைவி கேட்கிறார்.

போய் வாருங்கள். இரண்டு டிக்கெட்டே வாங்குங்கள். ஆனால் உள்ளே நுழைந்த பிறகு ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரே ஒரு சாம்பிள்தான் வாங்க வேண்டும், அதை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான் சொல்ல வருவதில் பாதிக்கும் மேல் இதுதான். இந்தத் திருவிழாக்களில் அதிகம் கற்றுக்கொண்டு வெளியே வருகிறவர்கள், அதிகம் குடித்தவர்கள் கிடையாது. ஒரு கிளாஸை இருவராக மோந்து, இருவராகப் பேசி, மெதுவாக நகர்கிறவர்கள்தான். தனியாகப் போகிற ஆர்வலருக்குக் கிடைக்காத வசதி இது. உங்களில் ஒருவர் குறைவாகக் குடிப்பவர் என்பது இங்கே குறையே இல்லை, அனுகூலம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் இதைப் போடுவதே இல்லை. ஒரு சாம்பிள் என்பது வழக்கமாக 10 முதல் 20 மில்லி. பார்க்க ஒரு மடக்குகூடத் தேறாது. நடுவாக 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம், அதில் ஆல்கஹால் 46 சதவீதம். அப்படியானால் ஒரு சாம்பிளில் 6.9 மில்லி தூய ஆல்கஹால், எடையில் சுமார் 5.4 கிராம். பத்து ஸ்டாலில் பத்து சாம்பிள் என்றால் 54 கிராம். 12.5 சதவீதம் உள்ள 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 74 கிராம். ஆக, "சும்மா ருசி பார்த்தேன்" என்று சொல்கிறவர் முக்கால் பாட்டில் ஒயின் குடித்திருக்கிறார். பிரிட்டனில் 10 மில்லி தூய ஆல்கஹாலை ஒரு யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது 2016 முதல் அங்குள்ள அரசு ஆலோசனை. பத்து சாம்பிளிலேயே அந்த வாரக் கணக்கில் பாதி தீர்ந்துவிடும். உடல் ஆல்கஹாலை எரித்து வெளியேற்றும் வேகமோ தோராயமாக மணிக்கு ஒரு யூனிட்தான். காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது.

அதே பத்து சாம்பிளை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்றரை யூனிட். நான்கு மணி நேரத்தில் அது பரவிவிடும். கடைசி ஸ்டாலிலும் மூக்கு வேலை செய்யும், அன்று இரவுச் சாப்பாடு எப்படி இருந்தது என்பது மறுநாள் நினைவிலும் இருக்கும். ஆனால் பகிர்வது என்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால், பெண்ணின் உடலில் சராசரியாக நீரின் பங்கு குறைவு. அதனால் அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் கூடுதல் செறிவாகச் சேரும். குறைவாகக் குடிப்பவர் நாக்கு நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பியும் விடலாம். துப்புவதற்கென்றே பல ஸ்டால்களில் பாத்திரம் இருக்கும். அதில் துப்புவதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மது தயாரிக்கும் தொழிலில் இருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இப்போது மனைவியின் கேள்விக்கு வருகிறேன்: "எனக்கு அங்கே என்ன வேலை?" மோந்து பார்ப்பதுதான் வேலை. அந்த மண்டபத்தில் நடப்பதில் பெரும்பகுதி மூக்கால் நடப்பது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிக் குழம்பில் வரும் சுவை) என்று நாக்கு அறிவது கொஞ்சம்தான். வெண்ணிலா, உலர்ந்த திராட்சை, புகை, ஈர மண், ஆரஞ்சுத் தோல் என்று மக்கள் சொல்வதெல்லாம் வாசனைகள். விழுங்கிய பிறகு தெரிகிற "சுவை" கூட, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். பெரிய விஸ்கி நிறுவனங்களில் கலவை செய்பவர்கள் நாள் முழுக்க மாதிரிகளை மோந்து பார்த்தே தீர்மானிக்கிறார்கள், வாயில் வைப்பது அபூர்வம். மோப்பதற்கு முன் தண்ணீர் கலந்து ஆல்கஹாலை 20 சதவீதம் அளவுக்கு இறக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் அந்தத் திருவிழாவில் முழுப் பங்கு எடுத்துக்கொள்ள முடியும். சில விழாக்களில் குடிக்காமல் வருகிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குறைந்த விலையில் தனி டிக்கெட் இருக்கும். வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மோப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒயினுக்குச் செய்வதுபோல் மூக்கை கிளாஸுக்குள் நுழைக்கக் கூடாது. 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் அப்படி மோந்தால் மூக்கு எரியும், அடுத்த சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. கிளாஸை முதலில் முகவாய்க்குக் கீழே பிடியுங்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக மூச்சை இழுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவாருங்கள். இரண்டு நாசியிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பழம், பூ போன்ற லேசான வாசனைகள் கிளாஸின் விளிம்புக்கு மேலேயே கிடைக்கும். மூக்கு களைத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை மோந்துகொள்ளுங்கள். பழகிய வாசனைக்கு ஒருமுறை திரும்பி வந்தால் மூக்கு தெளிந்துவிடும். இதே காரணத்துக்காக அன்று வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் அது இடைஞ்சல்.

அதிகம் குடிக்காதவர்கள் "எல்லாமே எரிகிறது, எனக்கு வேறெதுவும் தெரியவில்லை" என்பார்கள். அது அவர்களுடைய ரசனைக் குறைவு கிடையாது. மிளகாயின் காரத்தையும் கொதிக்கும் சூட்டையும் உணர்கிற ஒரு நரம்பு ஏற்பி நம் வாயில் இருக்கிறது. வழக்கமாக அது சுமார் 42 டிகிரி செல்சியஸில்தான் "சுடுகிறது" என்று சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது உங்கள் வாயின் சொந்தச் சூடே உங்களுக்குச் சுடுவதுபோல் தெரிகிறது. மதுவின் சுவைக்கும் இந்த எரிச்சலுக்கும் சம்பந்தமில்லை. தாங்கிக்கொள்வதில் பெருமையும் இல்லை. தண்ணீர் சேருங்கள்.

தண்ணீர் சேர்ப்பது பாவம் என்று கணவரின் நண்பர்கள் யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மேன் என்ற இருவர் 2017 இல் இதைக் கணினி உருவகத்தில் ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று குவாயகோல். ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது அது திரவத்துக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலைக் குறைக்கும்போது மேற்பரப்புக்கு வருகிறது, அங்கிருந்துதானே மூக்குக்கு வர முடியும்!

இங்கேதான் இருவராகப் போவதன் பெரிய பலன். டிக்கெட்டோடு ஆளுக்கொரு கிளாஸ் கொடுப்பார்கள். பெரும்பாலும் அடி அகன்று வாய் குறுகிய சிறு கிளாஸ், 2001 இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸோ அதன் சாயலில் ஒன்றோ. வாங்குகிற ஒரு சாம்பிளை இரண்டு கிளாஸிலும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள், மற்றதில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டையும் இருவரும் மாற்றி மாற்றி மோந்து பாருங்கள். தனியாக வந்தவர் இதே ஒப்பீட்டைச் செய்ய இரண்டு சாம்பிள் குடிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விதி: இருவரும் மனத்தில் ஒரு வாசனையைத் தீர்மானிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்தால் சிறு நோட்டில் எழுதிவிட்டே பேசுங்கள். ஒருவர் "தேன்" என்று சொல்லிவிட்டால் மற்றவருக்கும் தேன் தெரிய ஆரம்பித்துவிடும், அவ்வளவு எளிதாக இழுபடக்கூடியது நம் மூக்கு. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்த 54 மாணவர்களிடம், வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே வர்ணித்தார்கள். 2001 இல் வெளியான ஆய்வு அது. கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. அதனால் ஸ்டாலில் இருப்பவர் பாட்டிலின் பின்புறம் அச்சிட்ட வர்ணனையை ஒப்பிக்க ஆரம்பித்தால், "ஒரு நிமிடம், முதலில் நாங்கள் பார்த்துவிடுகிறோம்" என்று புன்னகையோடு சொல்லலாம். ஆழ்ந்த நிறத்தைப் பார்த்து "பழைய சரக்கு" என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

இருவரும் எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தால் பல நேரம் ஒத்துப்போகாது. அதில் யாரும் தவறு செய்யவில்லை. வாசனை ஏற்பிகள் ஆளுக்கு ஆள் மரபணுவிலேயே மாறுபடுகின்றன. வயலெட் பூவிலும் ராஸ்பெர்ரிப் பழத்திலும் இருக்கும் பீட்டா-அயனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உரிய ஏற்பி கூர்மையாக உள்ளவர்களுக்கு அது பூ மணம். மற்றவர்களில் சிலருக்கு அது வினிகர் போன்ற புளித்த நெடியாகத் தெரிகிறது, சிலருக்கு அனேகமாகத் தெரிவதே இல்லை. ஒரே கட்டிலில் பல வருடம் உறங்கி எழுந்த இருவர் ஒரே கிளாஸில் இரண்டு வேறு பொருளை மோந்துகொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் அந்த நிமிடம் எனக்கு இந்தத் திருவிழாக்களில் மிகவும் பிடித்த ஒன்று. நிறையக் குடித்துப் பழகியவர் பெயரும் பிராண்டும் விலையும் வைத்து மோப்பார். பழகாதவர் "இது மழை பெய்த பள்ளி மைதானம்" என்பார். பெரும்பாலும் இரண்டாவது ஆள் சொல்வதுதான் எழுதி வைக்கத் தக்கதாக இருக்கும்.

சரி, எந்த ஸ்டாலுக்குப் போவது? நாற்பது, ஐம்பது ஸ்டால் இருந்தாலும் எட்டு அல்லது பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நாக்கும் மூக்கும் மரத்துப்போய், எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். எனவே வாசலில் கொடுக்கும் பட்டியலை முந்தின நாளே இணையத்தில் பார்த்து, நாலைந்தை அவர் தேர்வு செய்யட்டும், நாலைந்தை நீங்கள் தேர்வு செய்யுங்கள். ஒருவர் தேர்வில் மற்றவர் தலையிட வேண்டாம். பிரபலமான பெயர்களாக அடுக்குவதைவிட, ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு போவது நல்லது.

உதாரணமாக, மரப்பீப்பாய் என்ன செய்கிறது என்ற கேள்வி. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குக் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அந்தப் பீப்பாயை மறுபடி பர்பனுக்குப் பயன்படுத்த முடியாது, ஆகவே அவை கப்பலேறிப் பெருமளவு ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஸ்காட்ச் விஸ்கி 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் இருக்க வேண்டும். முதலில் ஒரு பர்பன், அடுத்து பர்பன் பீப்பாயில் வளர்ந்த ஒரு ஸ்காட்ச், மூன்றாவதாக ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் ஒயின் இருந்த பீப்பாயில் வளர்ந்த ஒன்று என்று வரிசையாகப் பாருங்கள். முதல் கிளாஸின் வெண்ணிலா இரண்டாவதில் மெல்லிசாகத் திரும்பி வரும். மூன்றாவதில் அதன் இடத்தை உலர்பழம் பிடித்திருக்கும். பீப்பாய் என்ன செய்கிறது என்பதற்கு மூன்றே சாம்பிளில் விடை கிடைத்துவிடும்.

வேறு கேள்வி வேண்டுமென்றால் ரம். பெரும்பாலான ரம் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸில் பிறப்பது. கரீபியனில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்டினிக் தீவு போன்ற இடங்களில் கரும்புச்சாற்றையே நேரடியாகப் புளிக்க வைத்து வடிக்கிறார்கள், மார்டினிக் ரம்முக்கு 1996 முதல் பிரெஞ்சு சட்டப் பாதுகாப்பும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து மோந்தால், ஒன்றில் வெல்லமும் வாழைப்பழமும், மற்றதில் பச்சைப்புல்லும். மெக்சிகோவின் டெக்கீலாவும் மெஸ்காலும் இதே மாதிரி நல்ல ஜோடி. டெக்கீலா, அகாவே என்ற கற்றாழை போன்ற செடியின் நீல இனம் ஒன்றிலிருந்து மட்டும். ஆனால் லேபிளில் நூறு சதவீதம் என்று இல்லாவிட்டால் 49 சதவீதம் வரை வேறு சர்க்கரை இருக்கலாம். மெஸ்கால் பல அகாவே இனங்களிலிருந்து வருவது. மரபு வழியில் செய்யும்போது மண்குழியில் சுட்டெடுப்பதால் அதில் புகை ஏறும்.

அதிகம் குடிக்காதவருக்கு நான் முதலில் காட்டுவது ஜின் ஸ்டால். ஜூனிப்பர் காய் அதில் மேலோங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கூடவே கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், எலுமிச்சைத் தோல் என்று சேர்ப்பார்கள். பல ஸ்டால்களில் அந்த விதையையும் வேரையும் சிறு சிறு ஜாடிகளில் திறந்து வைத்திருப்பார்கள். முதலில் ஜாடியை மோந்துவிட்டு அப்புறம் கிளாஸை மோந்தால், தேடுவது என்னவென்று மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு சொட்டும் குடிக்காமல் அரை மணி நேரம் போய்விடும்.

பிராந்தி வகையில் கொன்யாக் லேபிளின் எழுத்துகளைப் புரிந்துகொண்டால் போதும். விஎஸ் என்றால் கலவையிலுள்ள மிக இளைய மதுவுக்கு இரண்டு வயது, விஎஸ்ஓபி நான்கு, எக்ஸ்ஓ 2018 முதல் பத்து. வயது என்று எந்த மதுவில் போட்டிருந்தாலும், அநேகமாக அது கலவையில் இளையதன் வயது. அதை வைத்துத் தரத்தை முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளிரான ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. வெப்ப நாடுகளில் சில கிடங்குகளில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். அங்கே ஐந்து வருடத்தில் நடப்பதற்கு ஸ்காட்லாந்தில் எவ்வளவோ வருடம் பிடிக்கும். வயதைப் பார்த்து வரிசையில் நிற்காதீர்கள்.

வரிசை மட்டும் முக்கியம். பீப்பாய் காணாத வெள்ளை மதுக்கள் முதலில், லேசானது முன்னால், கனமானது பின்னால். பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் எடுத்தவை 55, 60 சதவீதம் வரை இருக்கும், அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பீட் என்ற சதுப்புநில மக்குமண்ணை எரித்துப் புகையேற்றிய விஸ்கியும் மெஸ்காலும் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் அந்தப் புகை வாயில் நெடுநேரம் தங்கி அடுத்து வருவதையெல்லாம் மூடிவிடும்.

நேரம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மதியக் காட்சியை எடுங்கள், மாலைக் காட்சி வேண்டாம். கதவு திறந்த முதல் ஒன்றரை மணி நேரம் பொன்னான நேரம். சிறிய வடிசாலைகளிலிருந்து வடிப்பவரே வந்து நின்றிருப்பார், கூட்டம் இல்லாததால் நிதானமாகப் பேசுவார். "இதில் எது பெஸ்ட்?" என்று கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். "இது எந்த மாதிரிப் பீப்பாயில் இருந்தது? புளிக்க எத்தனை நாள் விட்டீர்கள்? குளிர்வித்து வடிகட்டினீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகமே மாறிவிடும். 46 சதவீதத்துக்குக் கீழே போனால் குளிரில் மது கலங்கலாகும். அந்தக் கலங்கலைத் தவிர்க்கத்தான் குளிர்வித்து வடிகட்டுகிறார்கள். அதில் கொஞ்சம் கனமும் போய்விடுகிறது என்பது பலரின் புகார். 46 என்ற எண் பல லேபிள்களில் ஏன் வருகிறது என்பதும் இதில் விளங்கிவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் இந்தப் பேச்செல்லாம் நடக்காது. சத்தமும் நெரிசலும்தான். உங்கள் எட்டோ பத்தோ முடிந்தால், நேரம் மிச்சம் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

மாஸ்டர்கிளாஸ் என்று தனி அறையில் உட்கார வைத்து நடத்தும் வகுப்புகள் இருக்கும். ஒன்றே ஒன்று எடுக்கலாம், உங்கள் இருவருக்கும் பொதுவான தலைப்பில். அங்கே ஐந்தாறு கிளாஸ் வரிசையாக வைத்திருப்பார்கள். அதையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும்.

வார இறுதியை எப்படி அமைப்பது? வெள்ளி இரவு குடிக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். தங்குமிடம் மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும், இதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் தகும். சனி காலை ஊரில் நடந்து திரியுங்கள். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மண்டபத்துக்குள் போக வேண்டும். ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறுவது சிறுகுடலில். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அங்கே போய்ச் சேர்வது தாமதமாகும், உச்சமும் குறையும். காரமாக மட்டும் எதுவும் வேண்டாம், வாய் அதற்குள்ளேயே எரிந்துவிடும். உள்ளே ஒவ்வொரு சாம்பிளுக்கும் இடையில் தண்ணீர். மணிக்கொருமுறை வெளியே வந்து காற்று வாங்குங்கள். முடிந்ததும் பாருக்குப் போகும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாமல், முன்பே இடம் சொல்லிவைத்த உணவகத்தில் உட்காருங்கள். அன்றைய பேச்சே போதுமானதாக இருக்கும். மது முதலில் தூக்கத்தை வரவழைத்தாலும், பின்னிரவில் அதைக் கலைக்கும். ஞாயிறு காலைக்கு எதையும் நெருக்கி வைக்காமல், அறையைக் காலி செய்யும் நேரத்தைத் தள்ளிக் கேட்டு வாங்குங்கள். அன்று பகல் திருவிழாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றாக, மனைவி தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். காரில் வந்திருந்தால் காலையிலேயே ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன மணிக்கு ஒரு யூனிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்ட வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் கடுமை.

உங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட ஒரு கவலையும் தெரிகிறது: அவர் அளவு மீறிவிடுவாரோ, நீங்கள் காவலுக்கு நிற்க வேண்டியிருக்குமோ என்று. இதைப் பயணத்துக்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது. எத்தனை சாம்பிள், எத்தனை மணிக்கு வெளியே வருவது, "போதும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வாதாடாமல் கிளம்புவது. மண்டபத்துக்குள் நின்றுகொண்டு இதைப் பேச முடியாது. பகிர்ந்து குடிக்கும் முறையிலேயே இந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், ஏனென்றால் அவருக்கு இன்னொரு சாம்பிள் வேண்டுமென்றால் அது உங்கள் இருவருடையதாகத்தான் வரும். அவர் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால், இந்தப் பயணம் வேண்டாம். அதே ஊருக்கு வேறொரு வாரம் போங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும், தூக்க மாத்திரை போன்ற மருந்து எடுப்பவர்களும், குடியை விட்டு மீண்டவர்களும் எந்த அளவிலும் சேரக் கூடாது. உடம்புக்கு முற்றிலும் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குடிக்கும் வழக்கமே இல்லாத ஒருவரை இந்த விழாவுக்காகத் தொடங்கச் சொல்ல மாட்டேன். மோந்து மட்டும் பாருங்கள் என்பதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

கடைசியாக, பாட்டில் வாங்குவது. மண்டபத்தில், மூன்றாவது மணி நேரத்தில், ஒருபோதும் வாங்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே அருமையாகத் தெரியும். பெயரைக் குறித்துக்கொண்டு, ஞாயிறு காலை இருவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் தனித்தனியாக நல்லதாக எழுதியது ஒன்று இருந்தால் அதை வாங்குங்கள், ஊரில் கடையில் கிடைத்துவிடும். விமானத்தில் திரும்புவதாக இருந்தால், 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மதுவைச் செக்-இன் பெட்டியில் ஒருவர் 5 லிட்டர் வரைதான் கொண்டுபோகலாம், அதுவும் கடையில் விற்கும் மூடிய பாட்டிலாக. 70ஐத் தாண்டியதை விமானத்தில் ஏற்றவே முடியாது. சில ரம்களும் அப்சிந்துகளும் அதில் மாட்டும். இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்டாலில் அன்போடு சிறு குப்பியில் ஊற்றிக் கொடுக்கும் சாம்பிள்கள் இந்த விதிக்குள் வராது. அவற்றை மறுத்துவிடுங்கள், அல்லது காரிலோ ரயிலிலோ வந்திருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.